முதலை தவிர

அக்கா மகனை வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குக் கூட்டிப்போனது மே மாத வெயிலில். "வேற இடமே கிடைக்கலையா உனக்கு" என்று அக்கா கேட்டாள், கேட்டதில் நியாயம் இருந்தது. வெயில் நேரத்தில் முதலைகள் அசைவதில்லை. சிமெண்டில் செய்து காயப்போட்டதுபோல வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும். பையனுக்குப் பத்து நிமிடத்தில் சலித்துவிட்டது. குளத்தோரம் கிடந்த ஒரு சதுப்புநில முதலைக்கு இரண்டடி தள்ளி ஒரு கொக்கு, சாவகாசமாக ஒற்றைக்காலில் நின்றது. "மாமா, முதலைன்னா பெரிய பல்லிதானே?" என்றான். "ஆமாடா, பல்லிக்குப் பெரியப்பா" என்றேன், யோசிக்காமல். பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு பெண், கல்லூரியில் படிப்பவர் போல இருந்தார், கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: "தப்பா நினைச்சுக்காதீங்கண்ணா. பல்லியைவிட அந்தக் கொக்குதான் முதலைக்குக் கிட்டத்துச் சொந்தம்."

சிரித்து வைத்தேன். பையன் முன்னால் தோற்றுப்போக மனசில்லை, அதனால் "அப்படியும் சொல்வாங்க" என்று ஒரு மாதிரி மழுப்பிவிட்டு இளநீர்க் கடைப் பக்கம் நடந்தேன். ஆனால் அந்தப் பேச்சு கூடவே வந்தது. திருவான்மியூர் வரும்வரை பஸ்ஸில் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். செதில், நாலு கால், தரையோடு வயிறு, வெயில் காய்கிற புத்தி. முதலையையும் பல்லியையும் பக்கத்தில் வைத்தால் கண் இருக்கிற எவனும் சொல்லிவிடுவான். வெள்ளை இறகும் ஈர்க்குச்சிக் காலுமாக நிற்கிற கொக்கு இதில் எங்கே வந்தது?

அப்போதுதான் பள்ளிக்கூடத்து ஒரு மார்க் கேள்வி ஞாபகத்துக்கு வந்தது. "ஊர்வனவற்றின் இதயம் எத்தனை அறைகள் கொண்டது?" மூன்று. அதோடு விட்டால் அரை மார்க்தான். அடைப்புக்குறி போட்டு "முதலை தவிர" என்று எழுத வேண்டும். முதலைக்கு மட்டும் நான்கு அறை, பறவைக்கு இருப்பதுபோல. வகுப்பே ராகம் போட்டு மனப்பாடம் செய்தோம். ஏன் தவிர என்று எங்களில் ஒருத்தரும் கேட்கவில்லை. அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டால் அது கேள்வி கேட்க வேண்டிய சமாச்சாரம் இல்லை என்று ஆகிவிடுகிறது போலும்.

வீட்டுக்கு வந்து படிக்க உட்கார்ந்தேன். முதல் இரண்டு வாரம் முட்டு மோதல்தான். கிளேடு, மோனோஃபைலெட்டிக், பாராஃபைலெட்டிக், பாலிஃபைலெட்டிக், சினபோமார்ஃபி, பிளெசியோமார்ஃபி. தமிழில் தேடினால் நம் பாடநூல்களின் "அமைப்பு ஒத்த உறுப்புகள்", "செயல் ஒத்த உறுப்புகள்" வரை ஓரளவு கைகொடுக்கும். அதைத் தாண்டினால் கலைச்சொல் அகராதிகள் ஒரு கிரேக்கச் சொல்லை எடுத்துவிட்டு அதைவிடக் கரடுமுரடான தமிழ்ச் சொல்லை வைத்துவிட்டுப் போயிருக்கும். இந்தச் சொற்களில் பாதியைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் வில்லி ஹென்னிக் என்ற ஜெர்மானியர், ஈக்களை ஆராய்ந்தவர். 1945-ல் இத்தாலியில் பிரிட்டிஷாரிடம் போர்க்கைதியாக இருந்தபோது, உயிர்களை வம்சாவளிப்படி வகைப்படுத்தும் இந்த முறையின் முதல் வரைவை எழுதினார். 1950-ல் ஜெர்மன் மொழியில் புத்தகம் வந்தது. 1966-ல் ஆங்கிலத்தில் வந்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. முகாமில் உட்கார்ந்து ஒரு மனுஷன் இவ்வளவு சிடுக்கான சொற்களை யோசித்திருக்கிறாரே என்றுதான் அப்போது தோன்றியது. படித்ததெல்லாம் புரிந்த மாதிரியும் இருந்தது, யாராவது கேட்டால் சொல்லத் தெரியாத மாதிரியும் இருந்தது.

அப்பத்தா போட்ட கணக்கு

ஆடி மாதம் பெரியப்பா இறந்துபோனார். பதினாறாம் நாள் காரியத்துக்கு ஊருக்குப் போயிருந்தோம். பந்தலில் ஒரு ஓரமாக அப்பத்தா உட்கார்ந்திருந்தது. கண் பார்வை பாதிதான். வாசலில் ஒரு பெரியவர் வந்து நின்றார், எழுபது வயது இருக்கும், அங்கே யாருக்கும் அவரை அடையாளம் தெரியவில்லை. அப்பத்தா அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. "நீங்க யாரு வீட்டுப் புள்ள?" என்று ஆரம்பித்தது. அவர் அப்பா பேரைச் சொன்னார். "அவரு யாரு மகன்?" சொன்னார். "மேல வீடா, கிணத்து வீடா?" கிணத்து வீடு. "கிணத்து வீட்டுக் கிழவருக்கு மூணு ஆம்பளப் புள்ள. இதுல எந்த வழி?" நடு மகன் வழி. அப்பத்தா அங்கே நிறுத்தி, எங்கள் பக்கம் திரும்பி, என் தாத்தா, அவர் அப்பா, அதற்கும் மேலே என்று விரல் மடக்கி ஏறி, அதே கிழவரில் வந்து முட்டியது. "அட, பங்காளிதான். உள்ள வாங்க தம்பி."

அதே பந்தலில் சமையல்காரரோடு வந்த ஒருவர் அச்சு அசல் என் அப்பா மாதிரியே இருந்தார். அதே மூக்கு, அதே வழுக்கை, நடையும்கூட. நானே போய் "நீங்க எந்த வழியில..." என்று இழுத்தேன். அப்பத்தா கேட்டுவிட்டு, "மூஞ்சி மட்டுந்தாண்டா அப்புடி. நமக்கு ஒண்ணும் கெடையாது" என்று முடித்துவிட்டது.

இரண்டு வாரமாகப் படித்தும் பிடிபடாதது அங்கே பிடிபட்டது. இரண்டு பேர் எவ்வளவு நெருக்கம் என்று பார்க்க அப்பத்தா ஒரே ஒரு ஆளைத்தான் தேடுகிறது, இரண்டு வழியும் கடைசியாகச் சந்திக்கிற அந்தக் கிழவரை. அவர் கிட்டத்தில் இருந்தால் சொந்தம் கிட்டம், எட்டத்தில் இருந்தால் எட்டம். ஜாடைக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை. உயிரியலில் இந்தக் கிழவருக்குக் 'கடைசிப் பொது மூதாதை' என்று பேர். முதலையின் வழியும் கொக்கின் வழியும் மேலே ஏறிப்போய்ச் சந்திப்பது சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முன்னால். பல்லியின் வழி அதற்கும் முன்பே பிரிந்துபோய்விட்டது. அவ்வளவுதான் விஷயம். அந்தப் பெண் சொன்ன ஒரு வரிக்கு இதற்கு மேல் பொருள் கிடையாது.

ஆனால் என்னை உலுக்கியது அதற்கு அடுத்து நடந்தது. அந்தப் பெரியவரோடு ஒரு பையன் வந்திருந்தான், அவருடைய அக்காளின் பேரன். சடங்குக்குப் பங்காளிகளை அழைத்தபோது அவனும் எழுந்தான். "நீ இருப்பா. நீ பொண்ணு வழி. உனக்குத் தீட்டு இல்ல" என்றது அப்பத்தா. அவனும் அதே கிழவரின் வாரிசுதானே? எனக்கு ஓடுகிற ரத்தம்தானே அவனுக்கும் ஓடுகிறது? ஆனால் அவன் பாட்டியைக் கட்டிக்கொடுத்து அனுப்பியாயிற்று, அதனால் கணக்கில் இல்லை.

கையில் துண்டை வைத்துக்கொண்டு நான் அப்படியே நின்றுவிட்டேன். பாராஃபைலெட்டிக் என்றால் இதுதான். ஒரு கிழவர், அவருடைய வாரிசுகள், ஆனால் பெண் வழிகளைக் கழித்துவிட்டு மீதி. அதற்குப் பேர் பங்காளி. 'ஊர்வன' என்பதும் அதே மாதிரி ஒரு கூட்டம். ஒரு பழைய மூதாதை, அதன் வாரிசுகளான பல்லி, பாம்பு, ஆமை, முதலை. அதே மூதாதையின் வாரிசான பறவையை மட்டும் இறகு முளைத்த காரணத்துக்காக வேறு வீட்டுக்குக் கட்டிக்கொடுத்து அனுப்பிவிட்டோம். முதலை கூடப்பிறந்தவளை வழியனுப்பிவிட்டு வீட்டோடு தங்கிவிட்ட அண்ணன். அவன் நெஞ்சில் மட்டும் ஏன் நாலு அறை என்று கேட்டால், அடைப்புக்குறி போட்டு 'முதலை தவிர' என்றோம்.

கழிக்காமல் எல்லா வாரிசையும் சேர்த்து எண்ணினால் அது மோனோஃபைலெட்டிக், கிளேடு என்றும் சொல்வார்கள். எனக்கு இப்போது இருக்கிற எளிய சோதனை முருங்கை மரம். ஒரே வெட்டில் கீழே விழுகிற கிளை, அதில் உள்ள கொப்பு, இலை, காய் எல்லாம் சேர்ந்தது ஒரு கிளேடு. 'ஊர்வன' வேண்டுமென்றால் அடியில் ஒரு வெட்டு, அப்புறம் விழுந்ததிலிருந்து பறவைக் கொப்பை நறுக்கி எறிய இன்னொரு வெட்டு. மூன்றாவது ஒரு வகை உண்டு, பாலிஃபைலெட்டிக். கல்யாண வீட்டில் மாப்பிள்ளைமாரை ஒரே பந்தியில் உட்கார வைப்போமே, அது. ஒவ்வொருவரும் ஒவ்வொரு ஊர், ஒவ்வொரு வீடு. இந்த வீட்டில் பெண் எடுத்தது ஒன்றுதான் பொதுவானது. வௌவால், காக்கை, பட்டாம்பூச்சி மூன்றையும் 'பறப்பன' என்பதும் அப்படித்தான்.

ஒப்பீடு ஓரிடத்தில் நொண்டும், அதையும் சொல்லிவிடுகிறேன். மனுஷனுக்கு அப்பா வழி, அம்மா வழி என்று இரண்டு பக்கம். வம்சத்தை எழுத ஆரம்பித்தால் வலை மாதிரி பின்னிக்கொள்ளும். இனங்கள் பிரிந்தால் பெரும்பாலும் பிரிந்ததுதான், திரும்பக் கலப்பது குறைவு. அதனால் அப்பத்தாவின் கணக்கு நம்மைவிட முதலைக்குத்தான் சுத்தமாகப் பொருந்தும்.

சுரைக்காய் சாப்பிடாத வீடு

சரி, அப்பத்தாவுக்குப் பேர்கள் மனப்பாடம். முதலையிடம் போய் "நீ யாரு வீட்டுப் புள்ள" என்று கேட்க முடியாதே. எங்கள் கிணத்து வீட்டு வழியில் ஒரு வழக்கம் உண்டு: சுரைக்காய் சமைப்பதில்லை. கிழவர் ஏதோ வேண்டுதலுக்காக விட்டாராம், காரணம் யாருக்கும் தெரியாது. வெளியூரில் யாராவது "எங்க வீட்டுலயும் சுரைக்கா சேத்துக்க மாட்டோம்" என்றால் காது நிமிரும். அதுவே "எங்க வீட்டுலயும் பொங்கலுக்குப் பொங்க வைப்போம்" என்று ஒருவர் சொன்னால் அதில் என்ன இருக்கிறது, ஊரே வைக்கிறது. இரண்டுமே ஒற்றுமைதான். ஆனால் முதலாவது ஒரு கிழவரில் புதிதாகத் தொடங்கி அவர் வழியில் மட்டும் வருவது. அதுதான் சினபோமார்ஃபி. இரண்டாவது அவருக்கும் முன்னால் எல்லாருக்கும் இருந்தது, பிளெசியோமார்ஃபி. முதலைக்கும் பல்லிக்கும் பொதுவான செதிலும், பக்கவாட்டில் விரிந்த காலும், குளிர்ந்த ரத்தமும் பொங்கல் மாதிரி. அதை வைத்துச் சொந்தம் சொன்னதுதான் முதலைப் பண்ணையில் நான் செய்த தப்பு.

எது பழசு, எது புதுசு என்று எப்படித் தெரியும்? வெளியாள் ஒருவரைக் கேட்டால் தெரியும். எங்கள் வழியில் சேராத பக்கத்து ஊர்க்காரரும் பொங்கல் வைக்கிறார் என்றால் அது எங்கள் கிழவர் ஆரம்பித்தது இல்லை. உயிரியலிலும் இப்படி ஒரு வெளிக்குழுவை எப்போதும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் ஒப்பிடுவார்கள்.

இங்கே நான் ஒருமுறை சறுக்கியதையும் எழுத வேண்டும். முதலைக்கும் பறவைக்கும் பொதுவானவற்றைத் தேடித் தேடிச் சேர்த்தபோது ஒரு அருமையான விஷயம் கிடைத்தது. நாம் மூச்சு விட்டால் காற்று நுரையீரலுக்குள் போன வழியே திரும்பி வரும். பறவையின் நுரையீரலுக்குள் காற்று ஒருவழிப் பாதையில்தான் ஓடும். 2010-ல், முதலைக்கு உறவான அலிகேட்டரின் நுரையீரலிலும் காற்று இப்படியே ஓடுகிறது என்று காட்டினார்கள். ஆஹா, சுரைக்காய் கிடைத்துவிட்டது என்று அக்கா மகனுக்கு போன் போட்டுச் சொல்லியும் விட்டேன். மேற்கொண்டு படித்தால், 2013-ல் ஆப்பிரிக்க உடும்பு ஒன்றின் நுரையீரலிலும் அதையே கண்டுபிடித்திருக்கிறார்கள். உடும்பு பல்லி வழி. அப்படியானால் இது இவர்கள் எல்லாருக்கும் மேலே இருந்த கிழவர் கொடுத்த பழைய சொத்தாக இருக்கலாம், இல்லை தனித்தனியாக வந்ததாகவும் இருக்கலாம். எப்படியானாலும் முதலை-பறவை சொந்தத்துக்கு இதைச் சாட்சியாக நிறுத்த முடியாது.

நாலு அறை இதயத்துக்கும் இதே சிக்கல் உண்டு. நமக்கும் நாலு அறைதானே, அப்போது நாமும் முதலைக்குப் பங்காளியா? இல்லை. பாலூட்டிகளில் அது தனியாக வந்தது. சுரைக்காய் பிடிக்காததால் சாப்பிடாத ஒருத்தர் எந்த வீட்டிலும் இருப்பார். அதனால்தான் ஒரே சாட்சியை வைத்துத் தீர்ப்பு எழுதுவதில்லை. பறவைகளுக்கும், டைனோசர்களுக்கும், முதலை வழியின் பழைய புதைபடிவங்களுக்கும் கண்ணுக்கு முன்னால் மண்டையோட்டில் ஒரு கூடுதல் ஓட்டை இருக்கிறது. இன்றைய முதலைகளில் அது அடைந்துவிட்டது. டி.என்.ஏ.வும் அதே பக்கம்தான் கையைக் காட்டுகிறது. கூடுதலாக, ஆமையையும் பல்லியிடமிருந்து பிரித்து முதலை-பறவை பக்கம் தள்ளிவிடுகிறது. என் பள்ளிக்கூடத்துப் பட்டியலில் இனி எதை நம்புவது என்று ஆகிவிட்டது.

மனசாட்சிக்கு இன்னொரு சாட்சி போதும். முதலைக் குஞ்சுகள் முட்டைக்குள் இருந்தபடியே கத்தும். காவல் இருக்கும் தாய் அதைக் கேட்டுக் கூட்டைத் தோண்டி, குஞ்சுகளை வாயில் கவ்வித் தண்ணீரில் கொண்டுபோய் விடும். ஊரில் அடைகாக்கும் கோழிக்குக் கீழே பொரியப்போகும் முட்டையைக் காதில் வைத்துக் கேட்டிருக்கிறேன். கீச்சென்று உள்ளிருந்து சத்தம் வரும்.

பத்திரிகையில் யார் பேர் முதலில்

உயிர்களின் உறவைக் கிளை கிளையாகப் போட்டுக் காட்டும் மர வரைபடங்களைப் பார்க்கும்போது எல்லாரும் ஒரு இடத்தில் வழுக்குகிறோம். இடது ஓரத்தில் மீன், அப்புறம் தவளை, பல்லி, குரங்கு, வலது ஓரத்தில் மனிதன் என்று போட்டிருந்தால் மனசு அதை ஏணியாக்கிவிடும். கல்யாணப் பத்திரிகையில் யார் பேர் மேலே, யார் பேர் கீழே என்று அடிதடி வரை போவோமே, அந்தப் புத்திதான். வரிசைக்கு எந்தப் பொருளும் இல்லை. கிளை பிரிகிற ஒவ்வொரு கணுவையும் தொட்டில் பொம்மை மாதிரி சுழற்றிவிடலாம், மனிதனை நடுவில் கொண்டுபோய் வைக்கலாம், உறவு மாறாது. 'மனிதன் குரங்கிலிருந்து வந்தான்' என்ற அலுத்துப்போன சண்டையும் இதில் பிறந்ததே. சிம்பன்சி நமக்குத் தாத்தா கிடையாது. சுமார் 60, 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன்னால் பிரிந்த பங்காளி. அதற்குக் கொரில்லாவைவிட நாம்தான் கிட்டத்துச் சொந்தம் என்பதைச் சொன்னால் எங்கள் தெரு டீக்கடையில் இன்னும் ஒருத்தரும் ஒப்புக்கொள்வதில்லை.

ஏணிப் புத்தி நமக்கு ரொம்பப் பழசு. தொல்காப்பிய மரபியலில் ஓரறிவு முதல் ஆறறிவு வரை உயிர்களை அடுக்கியிருப்பது எல்லாருக்கும் தெரியும். சிதலும் எறும்பும் மூவறிவு, நண்டும் தும்பியும் நான்கறிவு. இப்போது திரும்பப் படித்தால் வேடிக்கையாக இருக்கிறது. தும்பி என்பது வண்டோ தட்டானோ, எதுவானாலும் பூச்சி. அதற்கு நண்டைவிட எறும்புதான் கிட்டத்துச் சொந்தம். ஆனால் நண்டையும் தும்பியையும் சேர்த்ததிலும் ஒரு குருட்டு அதிர்ஷ்டம் இருக்கிறது. நண்டு, இறால் கூட்டத்தின் நடுவிலிருந்து கிளைத்ததுதான் பூச்சி வம்சம் என்கிறார்கள் இப்போது. சிதல், அதாவது கறையான், எறும்புக்குக் கிட்டத்துச் சொந்தமே இல்லை. அது கரப்பான் பூச்சி வீட்டுப் பிள்ளை. தொல்காப்பியரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அவர் எண்ணியது புலன்களை, வம்சத்தை அல்ல. ஆனால் ஒவ்வொரு நூற்பாவையும் "பிறவும் உளவே அக்கிளைப் பிறப்பே" என்று முடிக்கிறார் பாருங்கள். கிளை என்றால் நமக்குக் கொப்பும்தான், சுற்றமும்தான். கிரேக்கத்தில் கிளாடோஸ் என்றால் கொப்பு, கிளேடு அதிலிருந்து வந்தது. உடனே வாட்ஸப்பில் "கிரேக்கனுக்குச் சொல் கொடுத்த தமிழ்" என்று அனுப்பிவிடாதீர்கள். இரண்டு சொல்லும் ஒலிப்பில் ஒத்துப்போவது சமையல்காரரோடு வந்தவர் என் அப்பா மாதிரி இருந்த கதைதான். ஆனாலும் இந்த ஒரு கலைச்சொல்லுக்காவது தனியாக ஒன்றை உருவாக்கி மெனக்கெட வேண்டாம், கிளை என்றே சொல்லிவிடலாம்.

இதையெல்லாம் படித்துவிட்டு 'ஊர்வன' என்ற சொல்லைத் தூக்கிப் போட வேண்டுமா என்றால், எனக்கு அந்த ஆவேசம் இல்லை. பங்காளி என்ற சொல் இன்னும் இருக்கிறது, பதினாறாம் நாள் அதற்கு வேலையும் இருக்கிறது. மீன் மார்க்கெட்டில் வஞ்சிரமும் சுறாவும் பக்கத்துப் பக்கத்துப் பலகையில்தான் கிடக்கும். வஞ்சிரத்துக்குச் சுறாவைவிட, அதை வெட்டுகிற அம்மாவும் வாங்குகிற நானும்தான் நெருங்கிய சொந்தம். அதற்காக இரண்டையும் மீன் என்று சொல்லாமல் இருக்க முடியுமா, இல்லை சுறாப் புட்டைத்தான் விட்டுவிட முடியுமா? கழித்துவிட்டுச் செய்த கூட்டம் இது என்று தெரிந்துகொண்டு சொன்னால் போதும். பள்ளியில் மட்டும் அந்தக் கழித்தலைச் சொல்லிக்கொடுக்காமல் அடைப்புக்குறியை மட்டும் மனப்பாடம் செய்ய வைப்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

போன மாதம் அக்கா போன் செய்தாள். பையன் வகுப்புத் தேர்வில் 'ஊர்வனவற்றுக்கு நான்கு எடுத்துக்காட்டு' என்ற கேள்விக்குப் பல்லி, பாம்பு, முதலை, காக்கா என்று எழுதிவிட்டு வந்திருக்கிறான். காக்கா மேல் சிவப்பு மையில் பெரிய பெருக்கல் குறி. "எல்லாம் நீ குடுக்கிற எடம்" என்று ஆரம்பித்து ஐந்து நிமிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அப்புறம் போனைப் பையனிடம் கொடுத்தாள். பரீட்சையில் புத்தகத்தில் இருப்பதை எழுதுடா, மார்க் முக்கியம், மிச்சத்தை நாம் பேசிக்கொள்ளலாம் என்றேன். சொல்லும்போதே எனக்கே கேட்கப் பிடிக்கவில்லை. அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"சரி மாமா" என்றான். "அடைப்புக்குறிக்குள்ள போட்டா எழுதலாம்ல?"